எட்டாவது புள்ளி

நம் வயதுக்காரர்களில் அடி வாங்காமல் வளர்ந்தவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒரு கையும் எழும்பாது. பேரன் பேத்திகளிடம் இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறோம். வாத்தியார் புளிய விளார் ஒடியும்வரை அடித்தார், அதனால்தான் உருப்பட்டோம் என்கிறோம். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. அடியால் நான் கற்றுக்கொண்டது, யார் எந்தக் கையை எப்போது ஓங்குவார்கள் என்பதை மட்டும்தான். இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒரு நட்சத்திரத்தைப் போட்டோ எடுத்த கதை. ஆனால் அடியை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது.

எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவிலில் அப்பாவுக்குப் புண்ணாக்குக் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. எங்கள் பாவாடை, பாடப்புத்தகம், தலையணை எல்லாவற்றிலும் எள்ளுப் புண்ணாக்கு மணக்கும். மூட்டை கட்டுகிற சணல் கயிறு ஒன்று கடைச் சுவரில் ஆணியில் தொங்கும். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்க வருகிற விவசாயச் சம்சாரிகளிடம் அப்பா தேனாகப் பேசுவார். வீட்டுக்குள் திரும்பி வரும்போது அந்தக் கயிறும் கூடவே வரும். அம்மா, அக்கா, நான் என்று அவர் பாரபட்சம் பார்த்ததில்லை.

இருந்தாலும் அக்காவுக்குத்தான் அதிகம் விழும். காரணம், அவளுக்குத் திமிராம். தெருவில் சொந்தக்காரர் எதிரே வந்தால் கண்டுகொள்ளாமல் போய்விடுவாள். அரிசியில் கிடக்கும் கல்லை ஒன்றுவிடாமல் பொறுக்குகிறவள், வாசலில் நிற்கிற வண்டி மாட்டின்மேல் போய் மோதுவாள். புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்துத்தான் படிப்பாள். கரும்பலகையில் இருப்பதை எழுதாததற்குப் பள்ளிக்கூடத்தில் அடி, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியதற்கு வீட்டில் அடி. ஒரு டீச்சர் மட்டும் அம்மாவை வரச்சொல்லி, பிள்ளைக்குத் தூரப் பார்வை இல்லை, கண்ணாடி வாங்கிக் கொடுங்கள் என்றார். அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்கு அடி. கண்ணாடி போட்ட பெண்ணை எவன் கட்டுவான் என்று அப்பா கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது, அக்காவின் படிப்பும் நின்றது.

ஆக, அவளுக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பனவடலிசத்திரம் பக்கம், கிணறும் தோட்டமும் உள்ள குடும்பம். தாலி கட்டி முடிந்ததும் அம்மி மிதிக்க வைத்து, ஐயர் இரண்டு பேரையும் மண்டப வாசலுக்குக் கூட்டி வந்து, பட்டப்பகலில் வானத்தைக் காட்டி அருந்ததி தெரிகிறதா என்று கேட்டார். உங்கள் கல்யாணத்திலும் கேட்டிருப்பார்கள், நீங்களும் தெரிகிறது என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அக்கா தெரிகிறது என்றாள். அத்தானும் தெரிகிறது என்றார். சுற்றி நின்ற அத்தனை பேரும் இல்லாத நட்சத்திரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினோம். அதை மாமா போட்டோ எடுத்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ரத வீதியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தார். அங்கே டச்சப் செய்ய ஒரு அண்ணாச்சி உண்டு. பிரிண்ட் போட்ட படத்தில் தூசி விழுந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக இருக்கும். அண்ணாச்சி மெல்லிய பிரஷ்ஷை நாக்கில் நனைத்து, மையைத் தொட்டு, ஒவ்வொரு புள்ளியாக அடைப்பார். மணமகள் கன்னத்து அம்மைத் தழும்பும் அவர் கைபட்டால் போய்விடும். நாள் முழுக்க பிரஷ்ஷைத் தொட்டுத்தொட்டு அவர் நாக்கு கறுத்துக் கிடக்கும். பயமாக இருந்தாலும் அதைப் பார்க்கவே நான் அங்கே போவேன்.

கல்யாணமாகிப் போன கொஞ்ச நாளில் அக்காவின் மாமியாருக்கு ஒரு ஆசை வந்தது. சாயங்காலம் களத்தில் மிளகாய் வற்றலை அள்ளிக்கொண்டிருந்தபோது வடக்கே வானத்தைக் காட்டி, அன்றைக்குப் பகலில் பார்த்தாயே, இப்போது நிஜமாகவே வந்திருக்கிறது பார் என்று மருமகளிடம் சொன்னார். கரண்டி மாதிரி ஏழு நட்சத்திரம், சப்தரிஷி. கரண்டிப் பிடியின் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக ஒரு பொட்டு, அதுதான் அருந்ததி. அக்காவுக்கு அந்தப் பொட்டும் தெரியவில்லை, வசிஷ்டரும் தெரியவில்லை, கரண்டியே தெரியவில்லை. பயந்துபோய் எங்கேயோ கையைக் காட்டினாள்.

அருந்ததி கண்ணுக்குத் தெரியாதவர்கள் ஆறு மாதத்தில் செத்துப்போவார்கள் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. மாமியார் அதில் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். புதுப்பெண்ணுக்குத் தெரியாவிட்டால் போவது அவள் உயிர் இல்லை, புருஷன் உயிர் என்றார். அத்தான் ஆறடி ஆள், நெல் மூட்டையைத் தனியாகத் தூக்குவார். அவர் பயந்துவிட்டார். பயந்தவன் அடிக்கிற அடிக்குக் கணக்கு இல்லை. தினம் பொழுது சாய்ந்ததும் அவளைக் களத்துக்கு இழுத்துப் போய், தெரிகிறதா என்று கேட்பார். தெரியவில்லை என்றால் அடிப்பார். தெரிகிறது என்றால், எங்கே காட்டு என்பார், அவள் காட்டியதும் அடிப்பார்.

ஆடிக்கு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். இடது கைச் சுண்டுவிரல் ஒடிந்து கோணலாக ஒட்டியிருந்தது. ஜாக்கெட்டைக் கழற்றியபோது முதுகைப் பார்த்துவிட்டு அம்மா வாயில் சேலையை அடைத்துக்கொண்டு அழுதாள். அப்பாவும் எட்டிப் பார்த்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அவுக முடிவா என்ன சொல்லுதாவ?"

அவர்கள் முடிவாகச் சொல்லி அனுப்பியது இதுதான். ஆடி கழிவதற்குள் வருவோம். அவள் அருந்ததியை நாலு பேர் முன்னால் கைநீட்டிக் காட்டினால் கூட்டிக்கொண்டு போவோம். இல்லாவிட்டால் உங்கள் பெண் உங்களோடு. எங்கள் பையன் உயிர் எங்களுக்குப் பெரிது. கண் தெரியாத பெண் என்று அப்பாவால் வாய்திறந்து சொல்ல முடியாது. சொன்னால், தெரிந்தே ஏமாற்றிக் கட்டிவைத்தாயா என்று கேட்பார்கள். எனவே அவர் கயிற்றை எடுத்தார். முதுகில் இடம் இல்லாததால் காலில் அடித்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், விரலைப் பிடித்து நீட்டிக் காட்டிப் பார்த்தேன். ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. தெரியவில்லை என்றால் செத்துவிடுவாள் என்று நான் முழுசாக நம்பினேன், அதனால் அழுதுகொண்டே காட்டினேன்.

"எனக்கு நிலாவே நாலா தெரியுதுட்டி," என்றாள். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள், "தெரியாம இருக்கதே நல்லது. நான் அங்கன போக மாட்டேன்."

அந்த இரண்டாவது பேச்சை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் உயிரோடு இருக்க வேண்டும், அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

யோசனை சொன்னது மாமா. தூரத்தில் இருப்பதுதானே அவளுக்குத் தெரியாது, அருந்ததியைப் போட்டோ பிடித்துக் கையில் கொடுத்துவிட்டால் நன்றாகத் தெரியுமே என்றார். அப்பா முதலில் ஏசினார். "சாமி படத்தைக் கும்பிட்டா சாமியக் கும்பிட்டதுதான அத்தான், இதும் அப்படித்தான்," என்று மாமா அப்பாவிடம் சொன்னதும் கொஞ்சம் அடங்கினார். ஜோசியரைக் கேட்டார்கள். அவரும் தலையாட்டினார். பனவடலிசத்திரத்துக்கு ஆள் போய் வந்தது. படத்தில் என்றாலும் சரி, அவள் கைவைத்துக் காட்டட்டும் என்று சம்மதித்துவிட்டார்கள். அக்காவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நட்சத்திரத்தைப் போட்டோ எடுப்பது கல்யாண ஜோடியை எடுப்பது மாதிரி இல்லை. ஊருக்கு வடக்கே வறண்டு கிடந்த கண்மாய்க் கரைக்கு மாமா சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனார். அருந்ததி எது என்று கண்டுபிடித்துச் சொல்ல அவருக்கு நான் வேண்டியிருந்தது. என் கண் பருந்துக் கண். முதல் நாள் மேற்கு மலையிலிருந்து வந்த மேகம் வானத்தை மூடிவிட்டது. அடுத்த நாள் வானம் தெளிவாக இருந்தது, காற்றுதான் கேமரா ஸ்டாண்டைப் பிடித்து ஆட்டியது. அப்பா கடைத் தராசின் இரும்புப் படிக்கல்லைக் கயிற்றில் கட்டி ஸ்டாண்டுக்கு நடுவே தொங்கவிட்டோம். எவ்வளவு நேரம் லென்ஸைத் திறந்து வைப்பது என்று மாமாவுக்குத் தெரியாது. நிறைய வெளிச்சம் சேரட்டும் என்று திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு, இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து அவித்த கடலை தின்றோம்.

கடலை தீர்வதற்குள் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்த வருஷம் கிணற்று மோட்டார்களில் வயர் திருட்டு அதிகம். கையில் டார்ச்சும் கம்பும். முதல் அடி மாமாவின் தோளில் விழுந்தது, அடுத்தது முட்டியில். என்ன ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடித்துவிட்டுக் கேட்பதுதான் அன்றைக்கு வழக்கம். கேமராவை நான் பாவாடைக்குள் பொத்திக்கொண்டு படுத்துவிட்டேன், என் விலாவிலும் ஒரு மிதி விழுந்தது. அடித்தவர்களில் ஒருத்தர் டார்ச்சை என் முகத்தில் அடித்து, "ஏலே நிறுத்துங்க, இது புண்ணாக்குக் கடைக்காரர் பிள்ளைலா," என்றார். பிறகு அவர்களே தண்ணீர் கொடுத்தார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கட்டிக்கொடுத்த பெண்ணின் வாழ்க்கை ஆச்சே என்று உச்சுக்கொட்டினார்கள்.

அந்தப் படத்தில் நட்சத்திரம் எல்லாம் கோடு கோடாக இழுபட்டிருந்தது. குறுக்கே டார்ச் வெளிச்சம் கிறுக்கியிருந்தது. வானம் நிற்கவில்லை, ஓடுகிறது என்று மாமா அப்போதுதான் புரிந்துகொண்டார். மறுபடி போனபோது, அடித்த அதே ஆட்கள் காற்றுக்குத் தடுப்பாகக் கம்பளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இந்தத் தடவை லென்ஸைத் திறந்து, கொஞ்சம் மூச்சுவிட்டு, மூடிவிட்டார். மறுநாள் ஸ்டுடியோ இருட்டறையில் நெகட்டிவ்வை விளக்கில் பிடித்து, பூதக்கண்ணாடியால் காட்டினார். வெள்ளை வானத்தில் கறுப்புக் கறுப்பாக நட்சத்திரம். வசிஷ்டர் பக்கத்தில், கடுகில் கால்வாசி இருக்கும், ஒரு பொட்டு தனியாக நின்றது. நான் மாமாவைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். என் அக்கா சாகமாட்டாள்.

அதற்குள் கோயிலில் ஆடித் தபசுத் திருவிழா வந்துவிட்டது. ஊரில் கால் வைக்க இடமில்லை. ஸ்டுடியோ வாசலில் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். கூட்டம் கரைந்த மறுநாளே சம்பந்தி வீட்டார் வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமா ராத்திரியோடு ராத்திரியாகப் பெரிய பிரிண்ட் ஒன்று போட்டு, மற்ற படங்களோடு டச்சப் அண்ணாச்சியிடம் தள்ளிவிட்டு, கோயில் பக்கம் ஓடினார். காலையில் அண்ணாச்சி உறையில் போட்டு வைத்திருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு, தோளில் ஸ்டாண்டோடு நேராக எங்கள் கடைக்கு வந்தார்.

கடையில் மூட்டைகளை ஒதுக்கிப் பாய் விரித்திருந்தது. அத்தான், அவர் அப்பா, அம்மா, கூட இரண்டு பங்காளிகள். அக்கா உள்ளே பருத்திக்கொட்டை அறையில் நின்றாள். மாமியார் முதலில் வாங்கிப் பார்த்தார். பிறகு அத்தானின் அப்பா வாங்கினார். விரலால் எண்ணினார். திரும்ப எண்ணினார்.

"ஏழுதான் வே இருக்கு. எங்க உம்ம அருந்ததி?"

மாமா சிரித்துக்கொண்டே படத்தை வாங்கினார். வாங்கியவர் முகம் வெளிறிவிட்டது. நானும் எட்டிப் பார்த்தேன். கறுத்த வானத்தில் ஏழு நட்சத்திரம் பளிச்சென்று இருந்தது. வசிஷ்டர் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. நெகட்டிவ்வில் நான் என் கண்ணால் பார்த்தது எங்கே போயிற்று என்று எனக்குப் புரியவில்லை.

"படத்துலயும் வரல," என்றார் அத்தான். மெதுவாகத்தான் சொன்னார். பிறகு எழுந்து மாமாவின் தோளில் இருந்த ஸ்டாண்டைப் பிடுங்கி அதாலேயே மண்டையில் அடித்தார். மாமா மூட்டைமேல் விழுந்தார், மூட்டை சரிந்து பருத்திக்கொட்டை தரையெல்லாம் கொட்டியது. பங்காளிகள் மிதித்தார்கள். சம்பந்தி வீட்டாரைத் தடுப்பார் என்று நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஆணியில் இருந்த கயிற்றை எடுத்து, என் மானத்தை வாங்கிவிட்டாயே என்று அவரும் மாமாவைத்தான் அடித்தார். வெள்ளைப் பருத்திக்கொட்டையில் ரத்தம் ஊறிக்கொண்டே போனது. அம்மா குறுக்கே விழுந்தாள், அவளுக்கும் விழுந்தது. படம் காலடியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அக்கா அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். அடிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்கவே இல்லையோ என்று தோன்றியது. ஜன்னல் வெளிச்சத்தில் படத்தை அப்படியும் இப்படியும் சாய்த்தாள்.

"இங்கன மை வச்சிருக்குட்டி."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பருந்துக் கண் என்று பீற்றிக்கொண்டேனே, அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. அரிசியில் கல் பொறுக்கிய கண்ணுக்குத் தெரிந்தது. விரல் நுனியை நாக்கில் நனைத்து லேசாகத் தேய்த்தாள். திரும்ப நனைத்து, திரும்பத் தேய்த்தாள். நாக்கு நுனி கறுத்தது. வசிஷ்டருக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு எழுந்து வந்தது.

"இதானா?" என்று கேட்டாள். அதுவரை அவள் ஒரு நட்சத்திரத்தையும் பார்த்ததில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நான் கத்திக்கொண்டு வெளியே ஓடப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, வாயைப் பொத்தினாள். எனக்கு வலித்தது. அவள் கையால் எனக்கு வலித்தது அந்த ஒரு தடவைதான். மூலையில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவினாள். தன் கண்ணுக்குக் கீழே தடவியிருந்த மையை அதன் நுனியால் தொட்டாள். மூக்கு படத்தில் உரச, அண்ணாச்சியே தோற்கிற மாதிரி, அந்தப் பொட்டை அடைத்தாள். ஊதி ஊதிக் காயவைத்தாள்.

"நீ ஒண்ணும் பாக்கல. என்ன?"

அப்போதுதான் மொட்டை மாடியில் அவள் சொன்ன இரண்டாவது பேச்சு என் காதில் விழுந்தது. தலையாட்டினேன்.

படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவளே கடைக்கு வந்தாள். சண்டை நின்றது. நீயாவது சொல்லு தாயி, உன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று மாமியார் கடைசியாக ஒரு தடவை கேட்டார். அவர் குரலில் கொஞ்சம் கெஞ்சல்கூட இருந்தது. அக்கா எல்லோரும் பார்க்கப் படத்தை முகத்தருகே பிடித்து நிதானமாகப் பார்த்தாள்.

"ஏழுதான் இருக்கு," என்றாள்.

அவர்கள் போய்விட்டார்கள். சீர்ப் பாத்திரங்கள் சில நாள் கழித்து மாட்டு வண்டியில் வந்து இறங்கின. அன்றைக்கு அவர்கள் போனதும் அப்பா படத்தைச் சுக்குநூறாகக் கிழித்தார். கயிற்றை எடுத்து அவள்மேல் வீசினார். முதல் வீச்சிலேயே அவள் கயிற்றை எட்டிப் பிடித்துக்கொண்டாள். அவர் இழுத்தார், அவள் விடவில்லை. கிட்டத்தில் வருவது எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ரொம்ப நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு, அவர் கயிற்றை விட்டுவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்தார்.

தலையில் கட்டோடு இரண்டு நாள் கழித்து மாமா நெகட்டிவ்வை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். இதில் எட்டு இருக்கிறது, வேறு பிரிண்ட் போட்டு நானே பனவடலிசத்திரம் போகிறேன் என்றார். அக்கா அவரிடம், அது கிடக்கட்டும் மாமா என்று மட்டும் சொன்னாள். மாமா அவள் சுண்டுவிரலைப் பார்த்தார். நெகட்டிவ்வை உறையில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அப்பாவைக் கேட்காமல் அவளைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

டச்சப் அண்ணாச்சியை நான் பிறகு தனியாகக் கேட்டேன். கறுத்த நாக்கைக் கடித்துக்கொண்டு, "சப்தரிஷின்னா ஏழு பேருதான தாயி. ஏழ விட்டுட்டு மிச்ச தூசியெல்லாம் அடைச்சேன்," என்றார். அவர்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. இத்தனை வருஷம் கழித்து நினைத்தால், அவர் காலில் விழலாம் போலிருக்கிறது.

அக்கா சாகவில்லை. அத்தானும் சாகவில்லை, வேறு கல்யாணம் செய்துகொண்டார். ஊர் என்னவெல்லாமோ பேசியது.

மறு சித்திரையில் ஒரு நாள் அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். தடித்த கண்ணாடி அவள் மூக்கில் சறுக்கிக்கொண்டே இருந்தது. வடக்கே கரண்டி எழுந்திருந்தது. நான் விரலைப் பிடித்துக் காட்டவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவளே கண்டுபிடித்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றினாள், சேலையில் துடைத்தாள், திரும்ப மாட்டிப் பார்த்தாள்.

"இத்துனூண்டுக்கா மக்கா," என்றாள், "என்னைய அந்த அடி அடிச்சான்?"